சாட்சி அழுகிறார்

வெள்ளைக் கைக்குட்டை. ஓரத்தில் நீல நூலால் கரை தைத்திருக்கும். நான்காக மடித்து, கோட்டின் இடது பையில் வைத்திருப்பார். கீழக்கரைக் கடையிலிருந்து வரவழைத்த அத்தரில் தோய்ந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது சாட்சிக் கூண்டில் ஏறினால் அது பையிலிருந்து வெளியே வந்து அவர் மூக்கருகே நிற்கும். உள்ளூர் விவசாயிகள் ஏறினால் பாதி வரும். மதுரை வக்கீல்கள் பேசும்போது வராது. சாட்சி எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு அடையாளம் தேவைப்பட்டதில்லை. அந்தக் கைக்குட்டையைப் பார்த்தாலே போதும்.

அவர் இராமநாதபுரம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். ஜனங்கள் துபாஷி என்றார்கள். நான் சென்னைத் தினசரி ஒன்றின் ஜில்லா நிருபர். பத்திரிகைக்காரர்களுக்கென்று போட்டிருந்த கால் ஆடும் பெஞ்சு அவருடைய மேஜையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரில் இங்கிலாந்து ராஜாவின் படம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் கீழே நடந்தவை எல்லாம் பழையபடியே நடந்தன. ஜனங்கள் தமிழில் சொன்னார்கள். துபாஷி இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதும் வீட்டுக்கு அனுப்புவதும் அந்த இங்கிலீஷ்தான். ஆந்திரப் பக்கத்து ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்த அந்த நீதிபதிக்குத் தெரிந்த தமிழ், தண்ணீர் கேட்கவும் சத்தம் போடாதே என்று அதட்டவும் போதுமானது.

துபாஷியின் இங்கிலீஷை எல்லோரும் புகழ்ந்தார்கள். மதுரையிலிருந்து வரும் வக்கீல்கள் அதைக் கேட்பதற்காகவே கேஸ் இல்லாத நாளிலும் வந்து உட்காருவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அருகில் இருந்து பார்த்தேன். அது இஸ்திரி போடுகிற வேலை. எந்தத் துணி போனாலும் ஒரே மடிப்பில் திரும்பி வரும்.

சிக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் கண்மாய்த் தகராறு ஒன்றில் சாட்சி சொல்ல வந்தார். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாய் என்று கேட்டார்கள். "ஒரு கூப்பிடு தூரம் இருக்கும் சாமி" என்றார். கூப்பிடு தூரம் என்பது கூப்பிடுகிறவனின் தொண்டையையும் அன்றைய காற்றையும் பொறுத்தது. அதை அளக்க முடியாது. ஆனால் அந்த ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் வராது. துபாஷி இரண்டு பர்லாங் என்றார். எவ்வளவு நேரம் நின்றாய் என்றதற்கு, "ஒரு வெத்தலை போட்டு மெல்லுற நேரம்" என்றார் விவசாயி. துபாஷி பத்து நிமிஷம் என்றார். அதன்பின் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரண்டு பர்லாங்கையும் பத்து நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டு விவசாயியைக் குத்திக் குதறினார். இரண்டு பர்லாங்குக்கு அப்பாலிருந்து முகம் தெரியுமா, பத்து நிமிஷம் அடிதடியைப் பார்த்துக்கொண்டு சும்மாவா நின்றாய் என்று கேட்டார். தான் சொல்லாத சொல்லுக்கு அந்த மனிதர் வியர்த்து வியர்த்துப் பதில் சொன்னார். கடைசியில் நம்பத் தகாத சாட்சி என்று தீர்ப்பில் எழுதப்பட்டார்.

இதெல்லாம் தினமும் நடப்பது. நான் சொல்ல வந்தது வேறு ஒன்று.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் ஒரு கொலை நடந்தது. வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துபவரைச் சம்மாட்டி என்பார்கள். அந்தக் குப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கிருந்த சம்மாட்டியின் வள்ளம்தான் பிழைப்பு. அவரிடம் வேலை செய்த இளைஞன் ஒருவன், இனி வேறு வள்ளத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அன்று விடியலில் கரையிறங்கியவனைச் சம்மாட்டி துடுப்பால் அடித்தார். தலையில் விழுந்த அடி. அங்கேயே உயிர் போய்விட்டது. மணலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த அவனுடைய அக்கா பார்த்தாள். அவள் ஒருத்திதான் சாட்சி. கரையில் நின்றிருந்த மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள்.

மறுவாரம் நான் அந்தக் குப்பத்துக்குப் போனேன். கருவாடும் கடல்பாசியும் அழுகிய நாற்றம் எல்லையிலேயே முகத்தில் அறைந்தது. அதை நாற்றம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் அது நாற்றம்தான். ஆனால் டீக்கடையில் கேட்ட பேச்சு அதைவிடச் சகிக்க முடியாததாக இருந்தது. "நாங்க என்னத்தைக் கண்டோம்? நீங்க இன்னைக்கு வந்துட்டு இன்னைக்கே போயிருவீக. நாங்கள்ல இங்கன கெடக்கணும்" என்றார் கடைக்காரர். அவரே என் கிளாஸைக் கழுவிக்கொண்டே குரலைத் தணித்துச் சொன்னார்: "அவதான் அன்னைக்கே ஒப்பு வச்சுட்டாளே. சம்மாட்டி கோடியைப் போடாமத் திருப்பி எடுத்துட்டுப் போனாரே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமாம் ஒங்க கோர்ட்டுக்கு?"

அந்த வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைப்பது எங்கும் உண்டு. அந்தக் குப்பத்தில் செத்தவன் எப்படிச் செத்தான் என்பதையும் ஒப்பாரியில்தான் சொல்வார்கள். பிணத்தைப் பார்த்து, பிணத்திடம் சொல்வார்கள். ஊர் சுற்றி நின்று கேட்கும். அந்த நேரத்தில் பெண்ணை யாரும் அதட்டக் கூடாது, எதிர்வார்த்தை சொல்லக் கூடாது. வேறெந்த இடத்திலும் சம்மாட்டிக்கு முன் வாய் திறக்க முடியாதவள் அங்கே திறக்கலாம். ஒப்பாரியில் ஒருவன் மேல் பழி வந்து, அது உண்மையும் என்றால், செத்தவன் மேல் அவன் கோடித்துணி போடக் கூடாது. பொய்ப்பழி என்றால் போட்டுவிடுவான், ஊர் அவனை நம்பும். ஊர்த்தலைவர் என்ற முறையில் முதல் கோடியோடு வந்த சம்மாட்டி, அவள் பாடியதைக் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குப்பத்தைப் பொறுத்தவரை அன்றே வழக்கு முடிந்துவிட்டது.

கோர்ட்டுக்கு அது தொடங்கவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு மறுநாள்தான் தகவல் போனது. எதிர்த்தரப்பு வக்கீலின் கட்சி முழுவதும் அதன்மேல் நின்றது. கண்ணால் பார்த்தவள் என்றால் அன்றே பெயரைச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு பகல், ஓர் இரவு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் பெயர் எங்கிருந்து வந்தது? யாரோ சொல்லிக் கொடுத்தது என்றார். அவளுக்கு முன் கூண்டேறிய அண்டை வீட்டுக்காரனும் இதையே வேறு விதமாகச் சொன்னான். "அழுதா. பொம்பளை அழுகை. அதையெல்லாம் யாரு காதுல வாங்குனா?" சம்மாட்டி குற்றவாளிக் கூண்டில் கைகட்டி நின்றிருந்தார். சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்.

அவள் கூண்டில் ஏறினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் கறுத்துக் காய்ந்த உடம்பு. கோர்ட்டுக்கு வருவதற்காகக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, யாரிடமோ இரவல் வாங்கிய புடவை கட்டியிருந்தாள். அப்படியும் மீன் வாடை இருந்தது. கைக்குட்டை வெளியே வந்தது.

"பிணத்தைப் பார்த்ததும் யாரிடமாவது பெயர் சொன்னாயா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். கேஸ் கட்டை அவர் அன்று காலையில்தான் பிரித்திருந்தார்.

"ஊருக்கே சொன்னேன் அய்யா."

"யாரிடம்?"

"என் தம்பிகிட்ட சொன்னேன். ஊரு கேட்டுச்சு. இந்தா நிக்கிறாரே, இவரும் நின்னு கேட்டாரு. கேட்டுட்டுத்தானே கோடியத் தூக்கிட்டுப் போனாரு."

துபாஷி மொழிபெயர்த்தார். இறந்துபோன தம்பியிடம் பேசியதாகச் சாட்சி கூறுகிறார். ஏதோ துணியைப் பற்றியும் கூறுகிறார்.

நீதிபதி புருவத்தை உயர்த்தினார். எதிர்த்தரப்பு வக்கீல் வாய்விட்டே சிரித்தார். "இறந்தவனோடு பேசினாளாம்!" என்றார். பின்னாலிருந்த குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிரிப்பு தெரியும். துபாஷியின் முகத்தைப் பார்த்து, "நான் சொன்னதைச் சரியாச் சொன்னீகளா அய்யா?" என்று கேட்டாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு தாயி" என்றார் துபாஷி.

"அப்போ என்ன சொன்னேனோ அதையே சொல்றேன். கேட்டுக்கங்க." கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

*கடலுக்குப் போன தம்பி கரையேறி வந்தியே*
*கரையேறி வந்தவனைக் காத்திருந்து கொன்னாகளே*
*வலையை ஒதறி வச்சுப் பசிக்குதக்கான்னு வந்தியே*
*சம்மாட்டி துடுப்பெடுத்துச் சாய்ச்சுப் போட்டாரே*
*கருவாடு காயவச்ச கண்ணு ரெண்டும் பாத்துச்சே*

அதற்கு மேலும் பாடினாள். எந்தக் கையால் ஓங்கினார், அடிபட்டவன் எந்தப் பக்கம் சாய்ந்தான், யார் யார் கரையில் நின்றார்கள், யார் முதலில் முதுகைக் காட்டினான் எல்லாம் அதில் இருந்தது. நான் பென்சிலை நிறுத்தாமல் எழுதினேன். போலீஸ் மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காத அத்தனையும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அண்டை வீட்டுக்காரன் தரையைப் பார்த்தான். சம்மாட்டி கட்டிய கையை அவிழ்த்துக் கூண்டுக் கம்பியைப் பிடித்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அந்த நிமிஷம் எல்லாம் தெரிந்துவிட்டது.

தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தார். தீர்ப்பு அவருடையது. அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு துபாஷியைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்றார்.

துபாஷி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே இங்கிலீஷில் சொன்னார்: "சாட்சி அழுகிறார்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இரக்கமுள்ளவர்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வாயில் கசப்பு ஊறுகிறது. வாக்குமூலம் எழுதி முடிந்ததும் அதைச் சாட்சிக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசித்துக் காட்டினேன், சரியென்று ஒப்புக்கொண்டார் என்ற வாசகம் அடியில் தயாராக இருக்கும். துபாஷி வாசிக்காமலே காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொன்னதெல்லாம் எழுதிட்டீகளா அய்யா? ஒண்ணும் விட்டுப் போகலையே?"

"எல்லாம் எழுதியாச்சு தாயி. கைநாட்டு வையி."

அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் பதித்து, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். அவள் பிடித்திருந்த காகிதத்தின் ஓரத்தைத் துபாஷி கைக்குட்டையால் துடைத்தார்.

வராந்தாவில் அவரை மறித்தேன். லஞ்சம் என்று நான் நினைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கைநீட்டாதவர் என்று ஊருக்கே தெரியும். "அவள் சொன்னது உங்களுக்குப் புரியவில்லையா?" என்றேன்.

"புரியாம என்னய்யா? நானும் திருவாடானைப் பக்கந்தானே. எங்க ஆத்தா ஒப்பு வச்சா மரத்துல காக்கா உக்காராது." அதைச் சொன்னபோது குரலில் ஒரு பெருமைகூட வந்தது. உடனே அதை விழுங்கிக்கொண்டார். "அதுக்காக? ஒரு கொலைக் கேசுல பாட்டுப் பாடுறாள்னு ஜட்ஜுகிட்ட சொல்லச் சொல்றீரா? ஏற்கெனவே வக்கீல் சிரிக்கிறான். நம்ம ஜனத்தைக் காட்டுமிராண்டின்னு ஜட்ஜும் நெனைப்பான். அதையெல்லாம் இங்கிலீஷ்ல வைக்க முடியாதய்யா. வச்சா நாறும்."

வைக்க முடியாது என்பதில் அவர் சொன்னது பாதி சரி. அந்த ராகத்தை வைக்க முடியாது. தம்பி என்று அவள் இழுத்த இழுப்பை வைக்க முடியாது. ஒப்பாரி என்ற சொல்லுக்கே இங்கிலீஷில் ஈடு கிடையாது. ஆனால் சம்மாட்டி துடுப்பெடுத்தார் என்பதை வைக்கலாம். பள்ளிக்கூடத்துப் பையன்கூட வைப்பான். மொழிபெயர்க்க முடியாத ஒரு பங்கைக் காட்டி, மொழிபெயர்க்கக் கூடிய மொத்தத்தையும் அவர் கடலில் போட்டார். அதுவும் எங்கள் மானத்தைக் காப்பதற்காகவாம். லஞ்சம் வாங்கியிருந்தால்கூட இத்தனை அருவருப்பாக இருந்திருக்காது.

என் பத்திரிகையும் சுத்தமில்லை. அவள் பாடியதை வரிக்கு வரி எழுதி அனுப்பினேன். சென்னையில் அதை வெட்டிவிட்டு, இங்கிலீஷ் பத்திரிகையின் செய்தியைப் பார்த்துத் தமிழாக்கிப் போட்டார்கள். சாட்சி கூண்டில் கதறி அழுதார் என்று வந்திருந்தது. அவளுடைய தமிழ் இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பித் தமிழுக்கு வந்தபோது அதில் எலும்புகூட மிஞ்சவில்லை.

சம்மாட்டி விடுதலையானார். சாட்சி சம்பவத்தன்று யாரிடமும் பெயரைக் குறிப்பிடவில்லை என்பது முதல் காரணம். வெளியே மாலையோடு வந்து நின்றார்கள். முதல் மாலை போட்டவன் அந்த அண்டை வீட்டுக்காரன்.

அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். தீர்ப்பை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மாலைக் கூட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. துபாஷி படியிறங்கி வரும் வரை காத்திருந்து எதிரே போய் நின்றாள்.

"என்ன எழுதுனீக அய்யா?"

அவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். அவளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். சத்தம் போடவில்லை. வழி கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"ஒங்க வீட்டுல எழவே விழுந்ததில்லையா? ஒங்க வீட்டுப் பொம்பளைக ஒப்பு வைக்க மாட்டாகளா? வச்சா, அப்பவும் அழுகுறாகன்னுதான் சொல்லுவீகளா?"

காகிதத்தில் என்ன இருந்தது என்று இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறான். துபாஷி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஜட்கா வண்டியைக் கூப்பிட்டார். அதன்பின் அவளை நான் பார்க்கவில்லை. மறுவருஷம் அந்தக் குப்பத்துக்குப் போனபோது அவள் குடிசை இருந்த இடத்தில் சம்மாட்டியின் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்கே போனாள் என்று கேட்டேன். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துபாஷி ஓய்வு பெற்று, அறுபதுகளின் நடுவில் இறந்தார். நிருபராக இருந்த தோஷத்தால் நானும் போக வேண்டியிருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூத்த மகன் டெல்லியில் பெரிய உத்தியோகம். அவனுடைய மேலதிகாரி, வடநாட்டுக்காரர், ராமேஸ்வரம் தரிசனத்துக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுகைச் சத்தமே இல்லை. ஊதுபத்தி, அத்தர், தணிந்த குரலில் இங்கிலீஷ். இறந்தவர் முகத்தின் மேல் வெள்ளைக் கைக்குட்டை விரித்திருந்தது. ஓரத்தில் நீலக் கரை.

வெயில் ஏறியபின் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. இறங்கியவர் அவருடைய அக்கா. நான் அவரைப் பார்த்திருக்கிறேன். முன்பு ஒருமுறை அந்த வீட்டு வாசலில் உளுந்து மூட்டையோடு நின்றிருந்தார். யார் என்று கேட்டதற்குத் துபாஷி, ஊரிலிருந்து வரும் வேலைக்காரி என்றார். முகஜாடை அப்படியே துபாஷியினுடையது.

உள்ளே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். கைக்குட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அத்தை, அது இருக்கட்டும்" என்றான் மகன்.

"மூஞ்சிய மூடாதீகடா. அவன் கேக்கட்டும்."

முடியை அவிழ்த்துவிட்டுத் தொடங்கினார்.

*கோட்டுப் போட்ட என் தம்பி கோர்ட்டு ஏறிப் போன தம்பி*
*பெத்தவ கண்ணு மூட ஒன் பேரச் சொல்லிக் கெடந்தாளே*
*ஆளனுப்பிச் சொன்னோமே அன்னைக்கும் வரலியே*
*வாசலுக்கு வந்த அக்காள வேலைக்காரின்னு சொன்னியே*
*ஊரு சொன்ன சொல்லையெல்லாம் ஒன் வாயி சொல்லுச்சே*
*ஒடம்பெறந்தா சொன்ன சொல்லை ஒருநாளும் கேக்கலியே*

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்றார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. மகன் மட்டும் நெளிந்தான். வடநாட்டு அதிகாரி மரியாதையோடு முன்னால் குனிந்து, அந்த அம்மா என்ன பாடுகிறார் என்று அவனிடம் இங்கிலீஷில் கேட்டார்.

அவன் அப்பாவின் உச்சரிப்பிலேயே, ஒரு பிசிறு இல்லாமல், பதில் சொன்னான். "அழுகிறார்."

இன்று கோர்ட்டில் சாட்சியத்தைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். துபாஷி உத்தியோகம் தேவையற்றுப் போய்விட்டது. சமீபத்தில் ஒரு வழக்கின் நகலைப் பார்த்தேன். களை பறிக்கும் ஒரு மனுஷி, "நான் மேற்படி ஸ்தலத்தை அடைந்த சமயம்" என்று பேசியிருக்கிறாள். நடுப்பக்கத்தில் ஓரிடத்தில் அடைப்புக்குறிக்குள், சாட்சி அழுகிறார் என்று இருந்தது. அந்த இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்க யாரும் இல்லை. காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனேன். அத்தர் வாடை இல்லை, வெறும் காகித வாடைதான். ஆனாலும் எனக்கு என்னவோ அத்தர் அடித்தது.

துபாஷியைக் கிடத்தியிருந்த அந்தக் கூடத்தில் கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஒரு அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கினார். மகன் அந்தச் சமயம் பார்த்துக் கைக்குட்டையை எடுத்து மறுபடி முகத்தை மூடக் கையை நீட்டினான். அவர் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினார். பலமாக மூக்கைச் சிந்தினார். கசக்கி மூலையில் எறிந்துவிட்டு, தம்பி என்று அடுத்த அடியை எடுத்தார்.